கோட்டின் அகலம்

கோயில் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையிலிருந்து ஸோரா வரைபடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்று ஆணிகள் வந்துவிட்டன. நான்காவது வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் ஏறி நின்ற நாற்காலியைப் பிடித்திருந்த ஃபாதர் லெனார்ட், யாராவது வருகிறார்களா என்று தெருவின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“எல்லைக் குழுக்காரங்க ஒட்டினதும்மா இது. நாளைக்குக் கேட்டா நான் என்ன சொல்றது?”

“புர்யாக் காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லுங்க ஃபாதர்.”

“செப்டம்பர்லயா? புர்யா குளிர்காலத்துக்குத்தானே வரும்.”

“இந்த வருஷம் எல்லாமே சொல்லாமக் கொள்ளாமத்தான் வருது.”

ஆணி வந்துவிட்டது. அவள் வரைபடத்தைச் சுருட்டி மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சாகப்போகிற மனுஷன் பாவசங்கீர்த்தனம் கேட்பான், தூரத்தில் இருக்கிற பிள்ளையைக் கேட்பான், ஒரு மடக்கு ஒயின் கேட்பான். அவளுடைய அப்பா ரிஹார்ட் ஹுமார் நான்கு நாளாக ஒரு வாய் கஞ்சிகூட இறங்காமல் படுத்துக்கொண்டு வரைபடம் கேட்டார். டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்றோ நாளையோ என்றிருந்தது.

அந்த வரைபடம்தான் ஊரையே ஒரு வாரமாகத் தூங்கவிடாமல் அடித்திருந்தது. போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்துப் பெரிய நாடுகள் பாரிசில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதில், வரும் செவ்வாய்க்கிழமை முதல் எங்கள் யெசெனிக் கிராமம் இரண்டாகிறது. மேற்குப் பாதி இத்தாலிக்கு, கிழக்குப் பாதி யுகோஸ்லாவியாவுக்கு. கோடு மலையிலிருந்து இறங்கி, திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே போய் ஆற்றில் விழுந்தது. ஹுமார் வீடு மேற்கே. அவருடைய பழைய மேஸ்திரி பெப்பியின் வீடு கிழக்கே.

பெப்பி கட்டிலருகே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் கட்டடக் கலைஞர் ஹுமாரிடம் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் வேலை பார்த்து, இப்போது எழுபது வயதில் ஊருக்குக் குழி வெட்டுகிறவர். “அஸ்திவாரம் தோண்டினதும் இந்தக் கைதான். இதுல மட்டும் மேல ஒண்ணும் கட்ட வேண்டியதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்” என்பார்.

ஸோரா வரைபடத்தைப் போர்வையின் மேல் விரித்தாள். ஹுமார் பூதக்கண்ணாடி கேட்டார். அப்புறம் யானைத் தந்த அளவுகோல் கேட்டார். எல்லை எங்கே போகிறது என்று ஊரே தேடியது. அவர் அதைத் தேடவில்லை. கோட்டின் மேலேயே கண்ணாடியை வைத்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, வெகுநேரம் பார்த்தார். அந்த முகத்தில் ஸோரா துக்கத்தைத் தேடினாள். அங்கே இருந்தது, புதுக் கடிகாரத்தைத் திறந்து பார்க்கிறவனின் ஆவல்.

“தடியன்,” என்றார் கடைசியில்.

“யாருப்பா?”

“இதை வரைஞ்சவன்.”

பெப்பி எட்டிப் பார்த்தார். “தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு ஐயா. சாண் போனா என்ன, முழம் போனா என்ன?”

“சாண் வேற, முழம் வேற,” என்றார் ஹுமார். “பள்ளிக்கூடத்தை மறந்துட்டியா?”

பெப்பி தலையைக் குனிந்துகொண்டார். யாரால் அதை மறக்க முடியும்? 1909-இல் ஊர்ப் பள்ளிக்கூடம் கட்டும்போது தரையில் சுவருக்குக் குறி போட்டவர் பெப்பி. தச்சுப் பென்சிலால் தடிமனாக ஒரு கோடு. மறுநாள் வந்த கொத்தனார் அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் வைக்க வேண்டிய கல்லை வெளிப்பக்கம் வைத்துவிட்டான். சுவர் நகர்ந்தது, படிக்கட்டு குறுகியது, மூன்றாவது படி மட்டும் அரைக்கால் வைக்கத்தான் இடம் தந்தது. அந்தப் படியில் தடுக்கி விழாத பிள்ளை ஊரில் கிடையாது. ஸோராவின் முழங்காலிலும் அதன் தழும்பு இருந்தது. அன்றிலிருந்து ஹுமாரிடம் யாராவது ஒரு கோட்டைக் காட்டினால், அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

ஹுமார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். ஊசிபோல் சீவிய பென்சில். படுக்கையில் விழுந்த பிறகும் தினம் அதை ஸோரா சீவித் தர வேண்டும், இல்லாவிட்டால் கோபம் வரும். வரைபடத்தின் ஓரத்தில் பூச்சி ஊர்ந்ததுபோல் பூஜ்யம் புள்ளி மூன்று என்று எழுதினார். பக்கத்தில் ஒரு சின்ன சரிக்குறி. வேலையைத் தொடங்கலாம் என்று கொத்தனார்களுக்கு அவர் போடுகிற குறி அது.

“இது என்னப்பா?”

அவர் சிரித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தவர் இருமினார். இருமல் நின்றதும் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு, இறந்துபோன மனைவியை நினைத்து, இரண்டே வார்த்தைதான் பேசினார். “எமிலியா பக்கத்துல,” என்றார். மத்தியானம் மூன்று மணிக்கு மூச்சு அடங்கியபோது பென்சில் விரலிடுக்கிலேயே இருந்தது. ஸோரா ஜன்னலைத் திறந்தாள். பெப்பி எழுந்துபோய், சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரப் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எள் போட்டால் எள் விழாது. வந்தவர்கள் ஒலிவக் கிளையால் தீர்த்தம் தெளித்து, முழங்காலிட்டு, எழுந்து, ரொட்டிக்கும் ஒயினுக்கும் சமையலறைப் பக்கம் போனார்கள். செபமாலை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

பேசுவதற்கு அவர் வாழ்க்கையில் விஷயம் இருந்தது. வியன்னாவில் படித்துவிட்டு வந்து ஆஸ்திரியப் பேரரசர் காலத்தில் பத்து வருஷத்தில் முப்பத்தொரு கட்டடம் கட்டினார். பள்ளிக்கூடம், நகரத்தில் சேமிப்பு வங்கி, பிரபுக்களுக்கு மாளிகைகள். அப்புறம் முதல் உலகப் போர் எங்கள் ஆற்றங்கரைக்கு வந்து இரண்டரை வருஷம் விருந்தாடியது. முப்பத்தொன்றில் மிஞ்சியது நான்கு. அந்த நான்கில் மூன்றாவது படியோடு பள்ளிக்கூடமும் ஒன்று என்பதுதான் வேடிக்கை. இத்தாலி வந்தது. இடிந்ததை எல்லாம் திரும்பக் கட்டு என்றது. கட்டினார். கட்டி முடித்ததும் ரிஹார்ட் ஹுமாரை ரிக்கார்தோ உமாரி ஆக்கியது, அப்புறம் உள்ளூர்க்காரனுக்கு அரசு வேலை இல்லை என்றது. கடைசியில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் மாட்டுக்கொட்டகையும் ஒயின் நிலவறையும் கோழிக்கூடும்தான். கோழிக்கூட்டுக்கும் மூன்று பக்கத்திலிருந்தும் வரைபடம் போட்டுத்தான் கொடுத்தார்.

“எங்க வீட்டுக் கோழிக்கு வியன்னா ஜன்னல்,” என்றாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள், ஸோராவும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் பெப்பி உள்ளே வந்தார். பூட்ஸில் கல்லறை மண்.

“ஸோராம்மா, கொஞ்சம் வெளிய வா.”

முற்றத்தில் ஃபாதரும் நின்றிருந்தார். பெப்பி தொப்பியைக் கழற்றினார்.

“குழி வெட்டலாம்னு போனேன். எல்லைக்கு முளை அடிச்சுட்டாங்க. உங்கம்மாவுக்கும் அப்பாவுக்கு வெச்சிருக்கிற எடத்துக்கும் நட்டநடுவுல. கல்லறைக் கல்லை ரெண்டாப் பொளந்த மாதிரி.”

அந்தக் கல்லை வடிவமைத்தவர் ஹுமார்தான். அகலமான ஒரே கல். கிழக்குப் பாதியில் எமிலியாவின் பெயர், இருபத்தோரு வருஷமாக. மேற்குப் பாதி வெறுமையாக அவருக்குக் காத்திருந்தது.

“இப்ப அம்மா அந்த நாட்டுல, அப்பா இந்த நாட்டுல,” என்றார் பெப்பி. “நடுவுல முள்கம்பி வருதாம்.”

ஃபாதர் மெதுவாகச் சொன்னார். “நகரத்துக் கல்லறையில வெச்சுடலாம்மா. அமைதியா இருக்கும். நீ வாராவாரம் போய்ப் பார்க்கலாம். கம்பிக்குப் பக்கத்துல, துப்பாக்கி வெச்ச ஆள் நிக்கிற எடத்துல எதுக்கு?”

“அவர் அம்மா பக்கத்துலனு சொன்னார் ஃபாதர்.”

“பக்கத்துலதான். ஆனா அது பக்கமா இருக்காதே.”

ஸோரா உள்ளே போனாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அவர்மேல் கோபமாக வந்தது. எத்தனையோ பேசியிருக்கலாம், ஒரு எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். வரைபடத்தை எடுத்து மறுபடி பார்த்தாள். பூஜ்யம் புள்ளி மூன்று. எதன் பூஜ்யம் புள்ளி மூன்று? மருந்தின் அளவா, தேதியா? சாகப்போகிற மனுஷனுக்கு எதற்கு இந்த ஆர்வம்?

“பெப்பி மாமா,” என்று கூப்பிட்டாள். “ஒரு கோட்டைக் காட்டினா அப்பா முதல்ல என்ன கேப்பார்?”

“அதான் ஊருக்கே தெரியுமே. கோட்டுக்கு எந்தப் பக்கம்னு கேப்பார். கோட்டுக்கும் அகலம் உண்டு, பெப்பி, அதுக்குள்ள ஒரு சுவரே ஒளிஞ்சுக்கும்பார்.”

ஸோரா அளவுகோலை எடுத்தாள். பூதக்கண்ணாடியை எல்லைக் கோட்டின் மேல் வைத்து அதன் அகலத்தை அளந்தாள். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பூஜ்யம் புள்ளி மூன்று. வரைபடத்தின் அடியில் சின்ன எழுத்தில் அளவு இருந்தது, இருபத்தையாயிரத்துக்கு ஒன்று. ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் பெருக்கினாள். இரண்டாம் முறையும் பெருக்கினாள்.

“ஏழரை மீட்டர்,” என்றாள்.

“எது?”

“கோடு. தரையில இந்தக் கோடு ஏழரை மீட்டர் அகலம் மாமா.”

பெப்பி பெருக்கல் போட்ட காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சவப்பெட்டியைப் பார்த்தார். “பாவி மனுஷன். செத்தும் வேலை வாங்குறார்.”

திங்கட்கிழமை காலை கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு வாளியோடு நான்கு சிப்பாய்கள் இருந்தார்கள். போர் முடிந்ததிலிருந்து ஊரைக் காவல் காத்த அமெரிக்கப் படையின் லெப்டினன்ட் ஒருவர், தாத்தாவிடம் கற்ற இத்தாலியன் கொஞ்சம் பேசுவார். ஒரு யுகோஸ்லாவ் கேப்டன், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், எங்கள் பாஷையே பேசினார். முளைகளுக்கு நடுவே கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு கல்லின் சரிபாதியில் போனது. ஸோரா கறுப்பு உடையில் நேராக வந்து, அம்மாவின் கல்மேல் வரைபடத்தை விரித்தாள்.

கேப்டன் குனிந்தார். “இது கோயில் வாசல்ல இருந்ததாச்சே. உங்ககிட்ட எப்படி வந்துச்சு தோழர்?”

“புர்யா அடிச்சிட்டு வந்து போட்டுச்சு.”

ஃபாதர் லெனார்ட் வேறு ஏதோ கல்லறையைப் படிக்க ஆரம்பித்தார்.

“இந்தக் கோடு எவ்வளவு அகலம்?” என்று கேட்டாள் ஸோரா.

“கோட்டுக்கு ஏது அகலம்?”

“எங்கப்பா அளந்து எழுதியிருக்கார். ஓரத்துல பாருங்க.”

லெப்டினன்ட் பூதக்கண்ணாடியை வாங்கினார். அளந்தார். தன் நோட்டில் பெருக்கினார். சீட்டி அடிக்க வாயைக் குவித்தவர், இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

“ஏழரை,” என்றார் கேப்டனிடம். “சரியாத்தான் இருக்கு. ஊர்ல எனக்கு ரோடு அளக்கிற வேலை. இதை நான் கவனிச்சிருக்கணும். உங்கப்பா யாரு?”

“சாயங்காலம் இங்க வருவார்,” என்றாள் ஸோரா.

அப்போது பெப்பி மண்வெட்டியில் சாய்ந்தபடி கேட்டார். “அப்ப, கோட்டுக்கு எந்தப் பக்கம்?”

கேப்டன் கயிற்றைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு ஸோராவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். நல்ல மாதிரியான ஆள்தான். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“முளையை ஒன்றரை மீட்டர் நகர்த்தலாம். கோட்டுக்குள்ளதான் இருக்கும், எவனும் கேக்க முடியாது. ஆனா மேற்கேதான் நகர்த்துவேன். ரெண்டு பேரும் எங்க பக்கம் வந்துடுவாங்க.”

“கிழக்கே நகர்த்தினா ரெண்டு பேரும் என் பக்கம் வருவாங்களே.”

“கிழக்கே நகர்த்தினா நாட்டோட மண்ணைத் தூக்கிக் குடுத்தவன்னு என்னைத் தோலை உரிச்சிடுவாங்க. மேற்கே போனா அமெரிக்கருக்குக் கவலையில்ல. அவர் அடுத்த மாசம் வீட்டுக்குப் போறார்.”

“நான் வந்து பார்க்க முடியுமா?”

“பாஸ் குடுப்பாங்கன்னு சொல்றாங்க.”

“எப்ப?”

“சொல்றாங்க,” என்றார் கேப்டன்.

ஸோரா கல்லருகே திரும்பி வந்தாள். கயிறு இருக்கிற இடத்திலேயே இருந்தால் அப்பா இந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூ கொண்டு வரலாம், களை பிடுங்கலாம், உட்கார்ந்து திட்டலாம். அம்மா மட்டும் கம்பிக்கு அப்பால் தனியாக இருப்பாள். கயிறு நகர்ந்தால் அவர்கள் இருவரும் சேர்ந்திருப்பார்கள், தனியாக இருப்பது அவள். அப்பா எண்ணை எழுதினார், சரிக்குறி போட்டார், எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்ட கேள்வியை அவளுக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். வேண்டுமென்றே விட்டாரா, இருமல் வந்ததால் விட்டாரா? அவளுக்கு அது இனி ஒருபோதும் தெரியாது. அது தெரியாததுதான் அப்போது அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

“மேற்கே நகர்த்துங்க,” என்றாள்.

“ஸோராம்மா,” என்றார் பெப்பி. “யோசிச்சுச் சொல்லு. அப்புறம் பிடுங்க முடியாது.”

“யோசிச்சாச்சு மாமா. நீங்க அந்தப் பக்கம்தானே இருக்கீங்க.”

பெப்பி மண்வெட்டியைக் கீழே போட்டார். சிப்பாய் சுத்தியலை நீட்டியும் வாங்கவில்லை. முளையைக் கையாலேயே ஆட்டிப் பிடுங்கி, ஒன்றரை மீட்டரைத் தன் மடக்குக் கோலால் அளந்து, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, மேற்கே நட்டார்.

சாயங்காலம் அடக்கம். ஹுமாரிடம் வேலை பார்த்த கிழவர்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் தேவதாருக் கிளை கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு முகடு ஏறியதும் உச்சியில் அந்தக் கிளையைக் கட்டுவார்கள், வீட்டுக்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் சோறும் ஒயினும் போடவேண்டும். கிளையைப் பெட்டியின் மேல் வைத்தார்கள். ஃபாதர் இது எந்தச் சடங்குப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்கவில்லை. சுண்ணாம்பு வாளிக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் காத்திருந்தார்கள். ஸோரா குழிக்கரையில் நின்று மண் போட்டாள். இன்னொரு கைப்பிடியும் போட்டாள். எல்லோரும் கலைந்த பிறகு அவளும் மேற்கே நான்கு எட்டு நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் சிப்பாய்கள் வெள்ளைக் கோடு போட ஆரம்பித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வெயில் ஏறுவதற்குள் அவள் மறுபடி வந்துவிட்டாள். கோடு காய்ந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு காவல்காரன் சுவரில் சாய்ந்து ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தான். பெப்பி புதுமண்ணில் மரச் சிலுவையை நட்டு, அதைப் பிடித்தபடி நின்றிருந்தார். கல்லில் பெயர் வெட்டுகிறவரைக்கும் அதுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளும், அந்தப் பக்கம் அவரும். நடுவில் நான்கு எட்டு.

“கிட்ட நின்னா எனக்குத் தெரியமாட்டேங்குது,” என்றார் பெப்பி. “அங்கேருந்து பாரு. நேரா இருக்கா?”

ஸோரா மேலங்கிப் பையிலிருந்து அப்பாவின் பென்சிலை எடுத்தாள். கையை நீட்டி, பென்சிலைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடினாள்.

“இடப்பக்கம் சாஞ்சிருக்கு. ஒரு நூல் அளவு.”

பெப்பி தள்ளினார். “இப்ப?”

“இன்னும் கொஞ்சம்.”

காவல்காரன் ஆப்பிளை மறந்துவிட்டு, அவனும் தலையைச் சாய்த்துச் சிலுவையைப் பார்த்தான். பெப்பி காலால் மண்ணை மிதித்து இறுக்கினார். சிலுவை நேராகிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

“போதுமா ஸோராம்மா?”

அவள் பென்சிலை இறக்கவில்லை.

“இருங்க மாமா,” என்றாள். “இன்னும் அரை நூல்.”